குதிரையேற்றம் சொல்லித்தர யாரை நம்புவது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருடமாகக் குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். 43 வயதில் எனக்கும் அவளோடு சேர்ந்து கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. போன வாரம் ஒரு பயிற்சி இடத்துக்குப் போனோம். சொல்லித்தருபவர் போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியவர். சுவர் முழுக்கப் படங்களும் கோப்பைகளும். முதல் நாளே மகளைக் குதிரையில் ஏற்றி, பத்தே நிமிடத்தில் ஓடவும் விட்டுவிட்டார். ஹெல்மெட் கேட்டதற்கு, "மெதுவாகத்தானே போகிறது, எதற்கு?" என்றார். மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத நான், ஒரு பயிற்சியாளர் சரியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தேவையில்லாமல் பயப்படவில்லை. பத்து வயதுக் குழந்தையை முதல் பாடத்திலேயே, தலையில் ஒன்றும் இல்லாமல் ஓடவிட்டவரிடம் மறுபடி போகாதீர்கள். அவரோடு வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை, காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. மகளிடம் மட்டும், வேறு இடம் பார்க்கிறோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அந்தக் குதிரையின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிடுவாள்.

"மெதுவாகத்தானே போகிறது" என்ற பேச்சை இருபது வருடமாகக் கேட்டு வருகிறேன், கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. வேகம் ஆபத்தைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் குதிரை அசையாமல் நின்றாலும் அதன்மேல் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கிறது. அடியில் இருப்பது நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள, காகிதம் பறந்தால்கூட மிரளக்கூடிய உயிர். கோர்ட்னி கிங்-டை என்ற அமெரிக்க வீராங்கனை 2008 ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். 2010 மார்ச்சில் ஒரு நாள் வழக்கமான பயிற்சியில் இருந்தபோது குதிரை கால் தடுக்கி விழுந்தது. அவர் அன்று ஹெல்மெட் போடவில்லை. மண்டையோடு உடைந்து, வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தார். அதன்பிறகு எத்தனையோ பேரை ஹெல்மெட் போட வைத்தவர் அவர்தான். டிரஸாஜ் என்ற அழகுநடைப் போட்டியில் உயரமான கறுப்புத் தொப்பி அணிவது நெடுநாள் மரபு. சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜனவரியிலிருந்து அதையும் நிறுத்தி ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. உலகின் தலைசிறந்தவர்களுக்கே கட்டாயம் என்றால், உங்கள் மகளுக்கு எதற்கு என்று கேட்பவரிடம் பேசிப் பயனில்லை.

இப்போது அந்தக் கோப்பைகளுக்கு வருவோம். நன்றாக ஓட்டுவது ஒரு வேலை, ஓட்டச் சொல்லித்தருவது வேறு வேலை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒருவரிடம், "எப்படி விழாமல் ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார். சின்ன வயதிலிருந்து குதிரைமேலேயே வளர்ந்தவர்கள் நிலையும் அதுதான். உடம்புக்குத் தெரியும், வாய்க்குச் சொல்ல வராது. நானே ஆரம்பத்தில் மாணவர்களைப் பார்த்து "குதிகாலைக் கீழே இறக்கு, இறக்கு" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லித்தந்தவர் அப்படித்தான் கத்தினார். பயத்தில் முழங்காலால் சேணத்தை இறுக்கிப் பிடித்தால் குதிகால் தானாக மேலே ஏறும், தொடையைத் தளர்த்தினால் தானாக இறங்கிவிடும் என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. குதிகாலைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கவில்லை! கோப்பை வாங்கியவர்களில் அருமையாகச் சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கோப்பையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே, அடுத்த இடத்துக்கு மகளைக் கூட்டிப் போகாமல் தனியாகப் போங்கள். ஆரம்ப நிலை மாணவர்களுக்கான வகுப்பு ஒன்றை முழுதாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல இடத்தில் உடனே சரி என்பார்கள். "வெளியாட்களை விடுவதில்லை" என்றால் திரும்பிவிடுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பார்க்க வேண்டியதில் பாதி, யாரும் குதிரையில் ஏறுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

முதலில் குதிரைகளைப் பாருங்கள். ஒன்றும் தெரியாது என்கிறீர்கள், ஆனால் ஒரு உயிர் சுகமாக இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும். விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா? சேணம் உட்காரும் இடத்திலும், முன்கால்களுக்குப் பின்னால் வார் உரசும் இடத்திலும் புண்ணோ, மயிர் உதிர்ந்த தழும்போ இருக்கிறதா? குளம்புகள் வெடித்து, ஓரம் நீண்டு வளர்ந்து கிடக்கின்றனவா? ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட வேண்டும், செய்யாமல் விட்டிருந்தால் பார்த்தாலே தெரியும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? அப்புறம், சேணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போகும்போது குதிரை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காதைப் பின்பக்கமாக ஒட்டவைத்துக்கொண்டு, கடிக்க வருவதுபோலத் தலையைத் திருப்பினால் அதற்கு எங்கோ வலிக்கிறது, அல்லது சேணம் என்றாலே வலி என்று பழகிவிட்டது. வலியோடு இருக்கும் குதிரைதான் திடீரென்று துள்ளும், பின்காலை உதறும். குதிரையின் நலனும் உங்கள் மகளின் பாதுகாப்பும் இரண்டு தனி விஷயங்கள் இல்லை.

ஆரம்பப் பாடத்துக்கு ஏற்றவை வயது கூடிய, எதற்கும் அலட்டிக்கொள்ளாத குதிரைகள். துடிப்பான இளம் குதிரையில் புது மாணவரை ஏற்றினால் இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் பார்த்துப் பயப்படுவார்கள். "இந்தக் குதிரைக்கு என்ன வயது? இன்று இது எத்தனையாவது வகுப்பு?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஐந்தாவது ஆளைச் சுமக்கும் குதிரையிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

அடுத்ததாக வயிற்று வார். சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டும் பட்டை அது. வார் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிடம் நடந்ததும் மூச்சை விட்டுத் தளர்ந்துவிடும், கூடவே வாரும் தளரும். அதனால் ஏறுவதற்கு முன் ஒருமுறை, ஏறிக் கொஞ்சம் நடந்தபிறகு இன்னொருமுறை பார்க்க வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் பொய். சொல்லித்தர ஆரம்பித்த புதிதில் ஒரு சிறுவனை ஏற்றிவிட்டு, அவன் அப்பாவோடு பேச்சு சுவாரசியத்தில் இரண்டாவது முறை பார்க்க மறந்துவிட்டேன். வளைவில் திரும்பும்போது சேணம் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. மணலில் விழுந்தான், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. குதிரைமேல் தவறில்லை, பையன்மேலும் தவறில்லை. இன்றுவரை ஐந்தாவது நிமிடம் ஆனால் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் என் கை வாருக்குப் போய்விடும். நீங்கள் பார்க்கப்போகும் பயிற்சியாளரின் கை போகிறதா என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இது ஒன்றை மறக்காதீர்கள்.

அங்கவடி, அதாவது காலை வைக்கும் வளையம், மாணவரின் ஷூ அளவுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதையும் அவர் பார்க்க வேண்டும். ஷூவின் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் பாதம் முழுதும் உள்ளே நழுவிப் போய்விடும், சின்னதாக இருந்தால் கால் மாட்டிக்கொள்ளும். விழுவதைவிட மோசமானது, கால் மாட்டிக்கொண்டு இழுபட்டுப் போவது. சின்னதாகக் குதிகால் உயர்ந்த ஷூ போடச் சொல்வது அதற்காகத்தான். குழந்தைகளின் அங்கவடியில் ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம் இருந்தால் இன்னும் நல்லது, இழுபட்டால் கழன்றுவிடும். விளையாட்டு ஷூவோடும் செருப்போடும் குழந்தைகளை ஏற்றுகிறார்கள் என்றால் அந்த இடத்தைப் பற்றி இதற்குமேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. குழந்தை விழாமலிருக்கச் சேணத்தோடு சேர்த்துக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே கிளம்பிவிடுங்கள். குதிரை சாய்ந்தால் குழந்தையும் அதன் அடியில் போகும்.

வகுப்பு தொடங்கியதும் குதிரைகளை விட்டுவிட்டுப் பயிற்சியாளரைப் பாருங்கள். போன் அவர் கையில் இருக்கிறதா, பையில் இருக்கிறதா? ஒரு மாணவரிடம் பேசும்போதும் கண் மற்றவர்கள்மேல் ஓடுகிறதா? புதியவர்கள் நான்கு பேருக்குமேல் இருந்தால் என்னால் ஒழுங்காகக் கவனிக்க முடிவதில்லை, உதவிக்கு ஆள் இருந்தால் ஆறு வரை சமாளிப்பேன். எட்டுப் பத்துப் பேரை ஒரே ஆள் வைத்துக்கொண்டு "எல்லாரும் ஓடுங்கள்" என்றால் அது பாடம் இல்லை, சவாரி. களத்தைச் சுற்றி வேலி இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும்.

இன்னொன்று, பயந்துபோன மாணவரிடம் அவர் எப்படிப் பேசுகிறார்? ஒரு குழந்தை "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்துகிறாரா, சிரிக்கிறாரா? கேலி செய்பவரிடம் குழந்தைகள் பயத்தை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். மறைத்த பயம் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கும், குதிரைக்கு வாய் வலிக்கும், அப்புறம் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் இரண்டு நிமிடம் கேளுங்கள். பெரிய பட்டியல் வேண்டாம். "இங்கே கடைசியாக யார் விழுந்தார்கள்? அப்போது என்ன செய்தீர்கள்?" இந்த ஒரே கேள்வி போதும். "எங்களிடம் யாருமே விழுந்ததில்லை" என்றால் பொய், அல்லது அந்த இடத்தைத் தொடங்கியே ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஆனைக்கும் அடி சறுக்கும், குதிரையும் சறுக்கும். நல்ல பயிற்சியாளர் நாளையும் குதிரையையும் ஞாபகம் வைத்திருந்து சொல்வார்: மற்ற குதிரைகளையெல்லாம் நிறுத்தினோம், விழுந்தவரை அசைக்காமல் பேசிப் பார்த்தோம், தலையில் அடியா என்று கேட்டோம், வீட்டுக்குச் சொன்னோம், அதற்கப்புறம் இன்னதை மாற்றினோம். அப்படி ஒரு பதில் வந்தால் முதலுதவிப் பெட்டி எங்கே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள், முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது என்பதெல்லாம் தானாகவே பேச்சில் வந்துவிடும்.

"விழுந்தால் உடனே மறுபடி ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வெறும் சிராய்ப்பு என்றால் சரி, நானும் ஏறச் சொல்வேன். தலையில் அடிபட்டிருந்தாலோ, தலைசுற்றல், வாந்தி, பேச்சில் குழப்பம் இருந்தாலோ அன்று ஏறவே கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். இதில் பயிற்சியாளர் தடுமாறினால் அவர் உங்களுக்கு வேண்டாம்.

சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைத்தான் முதலில் எதிர்பார்த்திருப்பீர்கள். பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொண்டு சொல்லித்தரலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் குதிரையேற்றம் கற்பிக்க உரிமம் கேட்கிறது, பெரும்பாலான மற்ற மாநிலங்களில் அப்படி ஒன்று கிடையாது. எனவே தாமாக முன்வந்து தேர்வு எழுதியவரா என்று பார்ப்பதுதான் வழி. 1947இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி படிப்படியாகத் தேர்வு வைக்கிறது. ஓட்டுவதை மட்டும் பார்க்காமல், குதிரை பராமரிப்பையும் கற்பிக்கும் விதத்தையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருப்பவர் முதலுதவிப் பயிற்சி, காப்பீடு, குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை எல்லாவற்றையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அமெரிக்காவின் சர்ட்டிஃபைட் ஹார்ஸ்மன்ஷிப் அசோசியேஷன் நடத்தும் தேர்வில் தேர்வாளர்கள் முன்னால் வகுப்பே எடுத்துக் காட்ட வேண்டும். எந்த அமைப்பாக இருந்தாலும் சான்றிதழைக் கேட்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: கற்பிப்பதற்கான சான்றிதழா அல்லது போட்டியில் கலந்துகொண்டதற்கான வெறும் காகிதமா, எந்த நிலை வரைக்கும் கற்பிக்கத் தகுதி, இன்னும் செல்லுபடியாகிறதா. பெரும்பாலான அமைப்புகளின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும், சங்கடப்பட்டுக்கொண்டு அவரிடமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் இருப்பவர் எல்லாரும் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். வகுப்பைப் பார்ப்பதற்கு அது மாற்றாகாது. ஆனால் இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் நான் சான்றிதழ் உள்ளவர் பக்கம்தான் போவேன். காப்பீடு இல்லாத இடத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். "எந்த விபத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கும் தாளைக் காப்பீடு என்று நினைத்துவிடவும் வேண்டாம்.

பிடித்த இடம் கிடைத்து வகுப்பு தொடங்கிவிட்டது என்று வையுங்கள். முதல் நாள் உங்கள் மகள் ஏமாந்துபோகக்கூடும், முன்கூட்டியே தயார்படுத்தி வையுங்கள். சரியான முதல் வகுப்பில் பாதி நேரம் தரையில்தான் போகும். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது, அதனால் தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பிடித்து நடத்தும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவது எப்படி என்பதையும் சொல்லித்தருவார்கள். அதற்கப்புறம்தான் ஏறுவது, அதுவும் மேடை வைத்து. தரையிலிருந்து தொங்கி ஏறினால் குதிரையின் முதுகை ஒரு பக்கமாக இழுக்கும்.

ஏறியபிறகு நல்ல பயிற்சியாளர்கள் பலர் நீண்ட கயிற்றில் குதிரையைத் தன்னைச் சுற்றி வட்டமாக நடக்க வைப்பார்கள். இந்தத் துறையில் அதை லஞ்ச் என்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குதிரையைக் கட்டுப்படுத்தும் வேலை பயிற்சியாளர் கையில் இருக்கும். மாணவர் உட்காருவதை மட்டும் கற்றுக்கொள்ளலாம்: காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில். வியன்னாவில் நானூறு வருடத்துக்கு மேல் பழமையான ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அங்கே சேரும் இளைஞர்களை அங்கவடியும் இல்லாமல், கடிவாளமும் இல்லாமல், இந்தக் கயிற்று வட்டத்திலேயே மாதக்கணக்கில் உட்கார வைக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அவ்வளவு வேண்டாம். ஆனால் நான்கைந்து வகுப்பு கயிற்றில் போனால் "நேரத்தை வீணடிக்கிறார்" என்று நினைக்காதீர்கள். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் உட்காரத் தெரிந்தபிறகு டிராட் என்ற துள்ளு ஓட்டம், அது உடம்புக்குப் பழகியபிறகு கேன்டர் என்ற, அதைவிட வேகமான ஓட்டம். எத்தனை வகுப்பில் என்று நாள் குறிக்க முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். "பத்து வகுப்பில் பாய்ந்து ஓட வைக்கிறேன்" என்று உத்தரவாதம் தருபவர் விற்கத் தெரிந்தவர், அவ்வளவுதான். குதிரை மிரண்டால் எப்படி நிறுத்துவது, அவசரத்தில் எப்படிக் குதித்து இறங்குவது என்பதை நடக்கும் குதிரையில் வைத்தே ஆரம்பத்தில் சொல்லித்தருவது நல்ல அடையாளம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 43 வயது ஒரு தடையே இல்லை. ஆனால் முதுகுவலி, எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை, கர்ப்பம் இப்படி எதுவானாலும் முதலில் மருத்துவரிடமும் அப்புறம் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள். நல்லவர் அவராகவே கேட்பார். எடையையும் கேட்பார், கோபப்படாதீர்கள். சேணத்தோடு சேர்த்து மொத்தச் சுமை குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு, நான் அதற்கும் குறைவாகவே வைத்துக்கொள்வேன். ஐந்நூறு கிலோ குதிரைக்கு ஆளும் சேணமும் சேர்ந்து நூறு கிலோ. எடையைக் கேட்காமல் கையில் கிடைத்த குதிரையில் ஏற்றிவிடும் ஆளைவிட, கொஞ்சம் சங்கடப்படுத்திக் கேட்பவர் மேல்.

ஒன்று மட்டும் என் சுயநலத்துக்காகக் கேட்கிறேன். மகள் குதிரைமேல் இருக்கும்போது வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், அது உங்கள் உரிமை. யாரும் உங்களைப் போகச் சொல்லக் கூடாது. பெற்றோர் இல்லாத நேரத்தில் குழந்தையைத் தனியாக வரச் சொல்பவர், உங்களுக்குத் தெரியாமல் அவளுக்கு மெசேஜ் அனுப்புபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேண்டாம். ஆனால் "கண்ணு, பிடி! பிடி!" என்று வேலியிலிருந்து கத்தாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டால் குழந்தை திரும்பிப் பார்க்கும், உடம்பு திரும்பினால் குதிரையும் திரும்பும்.

பயிற்சியாளரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஹெல்மெட்டை வாங்கிவிடலாம். சைக்கிள் ஹெல்மெட் ஆகாது, தலையின் பின்பக்கக் கீழ்ப்பகுதியை அது மூடாது. உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது பி.ஏ.எஸ். 015 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். மகள் தலையை ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடாமல், நெற்றித் தோலையும் சேர்த்து இழுக்க வேண்டும். பயிற்சி இடத்தில் தரும் பொது ஹெல்மெட் இதற்கு முன்னால் யார் தலையோடு எத்தனை முறை தரையில் மோதியது என்று யாருக்கும் தெரியாது. பலமாக ஒருமுறை அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும், அடிபடாவிட்டாலும் ஐந்து வருடத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். நிறத்தை மட்டும் அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அடுத்த இடம் கிடைக்கும்வரை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிவாள்.